தேடாமல் விட்ட வரி

எங்கள் அலுவலகத்தில் ஒரு மென்பொருள் இருக்கிறது. எந்த ஊரிலிருந்து எந்த ஆய்வுக் கட்டுரை வந்தாலும், அதன் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியலை முதலில் அதுதான் மேயும். இன்னார் எழுதியது, இந்த ஆண்டு, இந்த இதழ், இந்தப் பக்கம் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தால் அந்த வரியைப் பச்சையாக்கும். ஏதாவது குறைந்தால் மஞ்சள். மஞ்சளைத் திறந்து, அப்படி ஒரு கட்டுரை நிஜமாகவே வந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது மனிதர்களின் வேலை. பச்சையை யாரும் தொடுவதில்லை. தொட்டால் நேரம் போகும். நேரம் போனால் எங்கள் குழுவின் லீடர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். யாராவது பின்னால் நின்றால் எனக்குக் கை ஓடாது, வாய்தான் ஓடும்.

பச்சையையும் திறந்து பார்க்கிற ஒரே ஆள் என் பக்கத்து நாற்காலிக்காரர். அதனால் அவருக்குப் பச்சையக்கா என்று நான்தான் பேர் வைத்தேன். அலுவலகம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. அவர் எனக்கு வைத்த பேர் வாயாடி. அதுவும் நிலைத்துவிட்டது, என்ன செய்ய.

எதற்கு வேலையை இரட்டிப்பாக்கிக் கொள்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். அக்கா கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்: "நல்லா சட்டை போட்டுட்டு வந்தா போதுமாம்மா? கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி யாருன்னு கேக்க வேணாமா?" அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. லீடரும் சொல்லிச் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார். அக்கா சரிபார்த்த பட்டியல் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால் கொஞ்சம் மெதுவாகப் போனாலும் அவரை யாரும் அசைக்கவில்லை.

என் வேலை பக்கம் கட்டுவது. அக்காவும் மற்றவர்களும் சரிபார்த்து அனுப்பிய கட்டுரையை, இதழில் வரப்போகிற மாதிரியே பக்கங்களாக அமைப்பேன். படம் எங்கே, அட்டவணை எங்கே, எந்த வரி எங்கே உடைகிறது, இதெல்லாம் என் தலைவலி. உள்ளே எழுதியிருப்பதை நான் படிப்பதில்லை. படித்தாலும் புரியாது.

அக்காவின் வீட்டுக்காரர் கல்லூரியில் வேதியியல் ஆசிரியராக இருந்தவர். எங்களுக்கெல்லாம் அவர் கிணற்று சார். விடுமுறை நாளில் ஊர் உலகம் போர்த்திக்கொண்டு தூங்கும்போது, மனிதர் கயிறும் பாட்டிலுமாகக் கிளம்பிவிடுவார். ஊர்க் குப்பையெல்லாம் கொட்டுகிற மேடு ஒன்று, அதை ஒட்டி ஒரு சாலை, சாலைக்கு அப்பால் வீடுகள். மேட்டைச் சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் எடுத்து வந்து சோதிப்பதே அவர் வாழ்க்கை. ஒரு தடவை அலுவலக வாசலில் அக்காவை இறக்கிவிட வந்தவரிடம், "சார், கிணறு வெட்டினாதான் பூதம் வரும், நீங்க எட்டிப் பார்த்தே கிளப்பிடுவீங்க போலிருக்கே" என்றேன். கோபித்துக்கொள்ளவில்லை. அந்தக் கிணறுகளில் பூதம் இருந்தால் அதுவும் வயிற்றுப்போக்கில் படுத்திருக்கும் என்றார்.

குப்பை மேட்டை ஒட்டிய கிணறுகளைப் பற்றி மூன்று கட்டுரைகள் எழுதினார். மூன்றும் வெளிவந்தன. மூன்றையும் தட்டச்சு செய்தது அக்காதான். சாலைக்கு அப்பால் இருக்கும் கிணறுகளைப் பற்றி நான்காவதாக ஒன்று எழுத வேண்டும். அதற்காக எத்தனையோ காலம் தண்ணீர் எடுத்தார். ஆனால் எழுதவே இல்லை. ஒரு மழைக்கு நல்ல தண்ணீராக இருக்கிறதாம், அடுத்த மழைக்கு மாறிவிடுகிறதாம். இன்னும் ரெண்டு மழைக்காலம் பார்த்துவிடுகிறேன் என்பார். "நீங்க பார்த்து முடிக்கறதுக்குள்ள அந்தக் குப்பையே மக்கி மண்ணாயிடும்" என்று அக்கா திட்டுவாராம். பதவி உயர்வு வேறு அந்த ஒரு கட்டுரைக்காக நின்றுகொண்டிருந்தது. அவர் அசையவில்லை. குடிக்கிற தண்ணீர், யோசிக்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்று இருந்துவிட்டார்.

பிறகு ஒரு நாள் காலையில் செருப்பை மாட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

அக்கா அழவில்லை. வீட்டுக்குப் போயிருந்த நாங்கள் எல்லோரும் அழுதோம், அவர் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். சில நாளில் வேலைக்கும் வந்துவிட்டார். அவ்வளவுதான், வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. நெஞ்சா கல்லா என்று கேன்டீனில் ஒருத்தி ஆரம்பித்தாள். அன்றைக்கு நான் அவளிடம் பேசியதை இங்கே எழுத முடியாது. ஆனால் எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். நிறைய நாள் கழித்து அக்காவே சொன்னார்: "அழுகை வரலம்மா. பல்லு பிடுங்க ஊசி போடுவாங்கல்ல, அப்படி இருக்கு. உதட்டைக் கடிச்சாலும் தெரியல."

அந்த மரத்துப்போன நிலையிலேயே ஓட்டினார். சாப்பாட்டைத் திறந்து வைத்தால் சாப்பிட்டார். மகள் வெளியூரிலிருந்து தினமும் அழைத்து, கிளம்பி வந்து எங்களோடு இரும்மா என்பாள். வேலை இருக்கிறது என்பார். பின்னறையில் அலமாரி முழுக்க சாருடைய தண்ணீர் பாட்டில்கள், ஒவ்வொன்றின் மேலும் நாள் எழுதி ஒட்டியது. மகள் அவற்றைத் தூக்கிப் போடச் சொன்னாள். அக்கா எறியவும் இல்லை, இருக்கட்டும் என்று சொல்லவும் இல்லை. வாரம் ஒருமுறை துணியால் துடைத்து வைத்தார். சாருக்கு மாத்திரையை ஞாபகப்படுத்த அக்கா தன் ஃபோனில் ஒரு அலாரம் வைத்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அது அடிக்கும். அக்கா கை நீட்டி அணைப்பார், திரும்பத் திரையைப் பார்ப்பார். சார் போன பிறகும் அது தினமும் அடித்தது, தினமும் அணைத்தார். எடுத்துவிடுங்கள் என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. ஊர் வாயை அடக்குகிற எனக்கே எழவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கட்டுரை வந்தது. எங்கோ ஒரு கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் எழுதியது. குப்பை மேடுகளும் நிலத்தடி நீரும் என்பது மாதிரி ஒரு விஷயம். அக்காவின் மேசையைக் கடந்து என்னிடம் வந்துவிட்டது. நான் பக்கம் கட்டி, கடைசிப் பக்கத்தில் மேற்கோள் பட்டியல் வழிந்து ஓடுகிறதே என்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது கண்ணில் பட்டது சாருடைய பேர். இனிஷியலோடு, அச்சு அசலாக. தலைப்பு: சாலைக்கு அப்பாலுள்ள கிணறுகளின் நீர்த்தரம். ஆண்டு, சார் போவதற்கு முந்தைய ஆண்டு.

எழுதியிருக்கிறார் மனிதர்! யாரிடமும் மூச்சு விடாமல் எழுதி அனுப்பியிருக்கிறார்! அந்தப் பக்கத்தை அச்செடுத்து, கீழே கடைக்கு ஓடி ஒரு பை மிட்டாய் வாங்கி வந்து, வழியில் லீடர் கையில் ஒன்றைத் திணித்து, அக்கா மேசையில் எல்லாவற்றையும் பரப்பினேன்.

அக்கா மிட்டாயைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். "ம்" என்றார்.

"என்னக்கா ம்? சாரோட நாலாவது கட்டுரைக்கா!"

"பார்த்தேன்."

பார்த்திருப்பார்தான். பட்டியல் அவர் கையைத் தாண்டித்தானே வருகிறது. பார்த்துவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கட்டுரை எந்த இதழில் இருக்கிறது, எடுத்துக் காட்டுங்கள், நானும் பார்க்கிறேன் என்றேன்.

"நான் திறக்கலம்மா" என்றார் அக்கா.

எனக்குப் புரியவில்லை. பச்சையக்கா பச்சையைத் திறக்கவில்லையா? அது பச்சையாக வந்தது, அப்படியே விட்டுவிட்டேன் என்றார். ஏன் என்று கேட்டேன். ஒரு மிட்டாயை எடுத்து, உறையைப் பிரித்து, சாப்பிடாமல் மறுபடி சுற்றினார்.

"திறந்தா இருக்காது" என்றார். "அவர் எழுதினா எனக்குத் தெரியாம எழுதுவாரா? தட்டச்சு பண்றதே நான். இருக்காதும்மா. ஆனா தேடாத வரைக்கும் இருக்குல்ல."

அழுகையோ நடுக்கமோ இல்லை, மதியம் மழை வரும் போலிருக்கிறது என்கிற குரல். அப்படியென்றால் இந்த வரி எங்கிருந்து வந்தது? அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. இப்போதெல்லாம் இது வாரம் ஒன்று வருகிறது என்றார். கட்டுரை எழுதுகிறவர்கள் ஏஐயிடம் ஓர் ஆதாரம் கொடு என்று கேட்கிறார்கள். அது இல்லை என்று சொல்லாது, இல்லாத கட்டுரை ஒன்றைத் தானே உண்டாக்கிக் கொடுக்கும். துணி ஒருவருடையது, பொத்தான் இன்னொருவருடையது, தைப்பது மட்டும் அது. பார்த்தால் புதுச் சட்டை மாதிரி இருக்கும். கிணறு என்றால் சாருடைய பேர் அதற்கு எங்கோ தென்பட்டிருக்கும்.

நான் நல்லவள் மாதிரி இங்கே எழுத விரும்பவில்லை. அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது, இருந்துவிட்டுப் போகட்டுமே என்பதுதான். அதைச் சொல்லவும் செய்தேன். யாருக்கு என்ன நஷ்டம்? சாருக்கு நான்காவது ஒன்று இருந்ததாக இருக்கட்டும். இதைப் பார்த்து இன்னொருவர் எடுத்துப் போடுவார், அவரைப் பார்த்து இன்னொருவர். மனிதர் பேர் நிற்கும். உயிரோடு இருந்தபோது அந்தக் கல்லூரி அவருக்கு என்ன செய்து கிழித்தது?

அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருக்கும் அதுதான் ஆசை என்று எனக்குத் தெரிந்தது. பக்கங்கள் மறுநாள் இதழுக்குப் போக வேண்டும். நான் வாயை மூடினால் போதும், சாருக்கு அந்தக் கட்டுரை கிடைத்துவிடும். என் வாய்க்குக் கிடைத்த முதல் நல்ல வேலை என்றுகூட நினைத்தேன்.

ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? சார் என்னதான் சொன்னதாகப் போட்டிருக்கிறது என்று பார்ப்போம் என்று கட்டுரையின் உள்பக்கத்தை எடுத்தேன். அக்காவின் திரைக்குப் பட்டியல் மட்டும்தான் வரும், உள்ளே எழுதியிருப்பது வேறொருவர் திரைக்குப் போகும். அதனால் அவர் அதைப் பார்த்திருக்க வழியில்லை. பட்டியலில் சாருடைய எண் எதுவோ, அந்த எண் உள்ளே எங்கே இருக்கிறது என்று தேடி, அந்த வாக்கியத்தை உரக்கப் படித்தேன். சாலைக்கு அப்பாலுள்ள கிணறுகளின் நீர் குடிப்பதற்கு உகந்தது என்பது ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ளது, என்று இருந்தது. பக்கத்தில் சாருடைய எண்.

அக்காவின் கை மிட்டாய் மேலேயே நின்றுவிட்டது. "இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன்.

"அவர் இதைச் சொல்லல" என்றார். "இதைச் சொல்ல மாட்டேன்னுதானே அத்தனை வருஷம் உக்காந்திருந்தார்."

நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பினார். அந்த வரியைத் திறந்தார்.

அந்த இதழ் நிஜமாக இருந்தது. அந்த ஆண்டுத் தொகுதியும் இருந்தது. அந்தப் பக்கங்களில் மீன் தீவனத்தைப் பற்றி யாரோ எழுதிய கட்டுரை இருந்தது. வேறு தொகுதி எண்ணில் தேடினார், வேறு தலைப்பில் தேடினார், சாருடைய பேரை மட்டும் போட்டுத் தேடினார். அந்த மூன்றுதான் வந்தன. அவர் அவசரப்படவில்லை. எல்லாக் கட்டுரைக்கும் தேடுகிற மாதிரியே, ஓர் இடம் விடாமல் தேடினார். அலாரம் அடித்தது, அணைத்துவிட்டுத் தேடினார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, இருந்துவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டிருந்தேன். பிறகு அந்தப் பட்டியலிலேயே இருந்த மற்ற பச்சை வரிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். எங்குமே இல்லாத கட்டுரைகள் இன்னும் இரண்டு கிடைத்தன. அன்றைக்கு அந்தப் பட்டியலை அவர் சாருடைய வரியோடு நிறுத்திவிட்டு, மீதியைத் திறக்காமலே அனுப்பியிருக்கிறார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அது இதுதான்.

பட்டியலில் ஒரு கட்டுரை கிடைக்காவிட்டால், எழுதியவருக்கு நாங்கள் ஒரு கேள்வி அனுப்ப வேண்டும். அதற்கென்று ஒரு மாறாத வாசகம் இருக்கிறது. சாருடைய பேரைப் போட்டு, இவருடைய இந்தக் கட்டுரை இருப்பதாகத் தெரியவில்லை, ஆதாரம் தருக என்று அக்கா தட்டச்சு செய்தார். அனுப்பியும் விட்டார்.

அந்த இளைஞர் மறுநாள் காலையிலேயே ஃபோன் செய்தார். லீடர் எங்கள் மேசைக்கு வந்து ஸ்பீக்கரில் போட்டார். பாவம், குரலிலேயே பயம். ஆங்கிலத்தில் எழுத அவருக்குச் சரளமாக வராதாம். அதனால் மொழியைத் திருத்த ஏஐயிடம் கொடுத்திருக்கிறார். அது தப்பே இல்லை, அப்படிச் செய்தேன் என்று கட்டுரையின் முடிவில் ஒரு வரி எழுதிவிட்டால் இதழ் ஏற்றுக்கொள்ளும். இவர் எழுதவில்லை. அதோடு ஆதாரம் இல்லாமல் நின்ற இடங்களுக்கு ஆதாரத்தையும் அதனிடமே கேட்டு வாங்கியிருக்கிறார். கொடுத்ததைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்க அவ்வளவு ஒழுங்காக இருந்தது மேடம் என்றார்.

"ஒழுங்காத்தான் இருந்துச்சு" என்றார் அக்கா. "நானும்தான் திறக்கல."

அந்த மூன்று வரிகளையும் நீக்கிவிடுங்கள், இதழாசிரியருக்குச் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினார் அவர். இந்தக் கட்டுரை வந்தால்தான் வேலை நிரந்தரமாகும். லீடர் சரி என்று தலையை ஆட்டினார். அவருக்குப் பக்கங்கள் போனால் சரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதையாக இருக்கிறதே என்று வாயைத் திறப்பதற்குள் அக்கா கேட்டார்: "வரியை எடுத்துட்டா, தண்ணி நல்ல தண்ணிங்கற வாக்கியம் எதுமேல நிக்கும்பா?"

அந்த இளைஞர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்: "அப்போ ஒண்ணு பண்றேன் மேடம். அவரையே நேர்ல கேட்டுடறேன். அந்தக் கிணறுங்களைப் பத்தி அவருக்குத் தெரிஞ்சிருக்கும்ல. அவர் எங்க இருக்கார்னு உங்களுக்குத் தெரியுமா?"

லீடர் ஃபோனை அணைக்கக் கை நீட்டினார். அக்கா அவர் கையை மெல்லத் தள்ளினார்.

"அவர் இறந்துட்டார்பா" என்றார். "என் வீட்டுக்காரர்."

இறந்துட்டார் என்கிற வார்த்தையை அவர் வாயால் அதுவரை நான் கேட்டதில்லை. எங்களிடம் சார் இல்லை என்பார், அவர் இருந்தபோது என்பார்.

"அந்தக் கிணறுங்களைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லலப்பா. பார்த்துட்டே இருந்தார். சொல்லி முடிக்க நேரம் பத்தல."

மன்னித்துவிடுங்கள் என்று அந்த இளைஞர் சொன்னது பாதிதான் கேட்டது. அன்றே அவரே இதழாசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டார் என்று பிறகு லீடர் சொன்னார். அந்த ஒரு விஷயத்துக்காக அவரை நான் மன்னித்தேன், என் மன்னிப்பை யாரும் கேட்கவில்லை என்றாலும். கட்டுரை திரும்பிப் போனது. இருக்கிற ஆதாரங்களை மட்டும் வைத்து, ஒவ்வொன்றையும் தானே படித்து, திருத்தி அனுப்பு என்று சொல்லிவிட்டார்கள். அவர் வேலை நிரந்தரமாவது தள்ளிப்போனது. அக்கா வழக்கம்போல வந்தார், பச்சைகளைத் திறந்தார், போனார். நான் அந்த மிட்டாய்ப் பையைக் கேன்டீனில் நெஞ்சா கல்லா என்று கேட்டவளுக்கே கொடுத்துவிட்டேன்.

மழையெல்லாம் முடிந்த பிறகு அந்தக் கட்டுரை திருத்தமாகி வந்தது. அக்காவிடம் போய், எல்லாம் சரி என்று என்னிடம் வந்தது. கடைசியில் ஏஐயை எதற்குப் பயன்படுத்தினேன், எதற்குப் பயன்படுத்தவில்லை என்று அந்த இளைஞர் எழுதியிருந்தார். சாருடைய பழைய மூன்று கட்டுரைகளும் பட்டியலில் இருந்தன. மூன்றுதான். நான்காவது இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. உள்ளே அந்த வாக்கியம் இருந்த இடத்தில் வேறொன்று இருந்தது. நான் பக்கம் கட்டும்போது அது ஒரு பக்கத்தின் அடியில் பாதியும் அடுத்த பக்கத்தின் தலையில் பாதியுமாக உடைந்தது. உடைந்தால் உடையட்டும் என்று அச்செடுத்து, பார்க்கட்டும் என்று அக்காவிடம் கொடுத்தேன்.

அக்கா அந்த இடத்துக்கு வந்ததும் விரலை வைத்துக்கொண்டார். சாலைக்கு அப்பாலுள்ள கிணறுகளின் நீரைப் பற்றி இதுவரை ஆய்வு எதுவும் வெளிவரவில்லை.

"வாயாடி, இதை ரெண்டு பக்கத்துல உடைக்காதம்மா" என்றார். "ஒரே எடத்துல வையி."

மேலே இருந்த அட்டவணையைக் கொஞ்சம் நெருக்கினால் போதும் என்றேன். செய்யேன் என்றார். நான் என் திரையில் அட்டவணையை நெருக்கி, அந்த வாக்கியத்தை முழுசாக மேல் பக்கத்துக்குக் கொண்டுவந்து, திரும்பி, பாருங்கக்கா என்றேன்.

அக்கா என் திரையைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"எதுவும் வெளிவரல" என்றார். "அவர் போயிட்டார்ல."

அதற்குப் பிறகு அவரால் பேச முடியவில்லை. எத்தனை நாள் தேங்கியதோ, எல்லாம் வந்தது. லீடர் எட்டிப் பார்க்காதபடி நான் என் நாற்காலியை இழுத்து நடுவில் போட்டு உட்கார்ந்தேன். எனக்கும் அழுகைதான், ஆனால் அன்றைக்கு அது அவருடைய முறை. மேசையில் ஃபோன் அலாரம் அடித்தது. அக்காவின் இரண்டு கையும் முகத்தில் இருந்தன. நான்தான் எட்டி அணைத்தேன்.